மரியோவுக்கு என்ன அவசரம்?

தலவாக்கலை,
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே ஒரு கிழமையாக விடாத மழை. மலையில் நனைந்துகொண்டு கொழுந்து பறிக்கிறவர்கள் பாடு உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டொரொன்டோவில் தேடி அலைந்து ஒரிஜினல் நின்டெண்டோ கேம் மெஷின் வாங்கினாய், மரியோ கேசட்டும் கிடைத்தது. ஆனால் அவன் ஏதோ அவசரமாக ஓடுகிறான், பாட்டும் வேகமாகப் போகிறது, எனக்கு வயசாகிவிட்டது போல என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னை விடவில்லை. லேப்டொப்பில் எமியுலேட்டர் (பழைய கேம் மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் சொஃப்ட்வேர்) போட்டு விளையாடியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உனக்கு வயசாகவில்லை மச்சான். நாம் விளையாடியது வேறு மெஷின்.

அப்பாவின் தீபாவளி முன்பணத்தில் ஹட்டனில் வாங்கிய அந்த டீவி கேம், நின்டெண்டோ செய்தது இல்லை. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகொம் என்ற நின்டெண்டோ மெஷினைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல். நம்ம நாட்டு டீவியில் விநாடிக்கு 50 தடவை படம் மாறும். ஜப்பானிலும் கனடாவிலும் 60 தடவை. மரியோவின் ஓட்டம், பாட்டு, மேலே குறைந்துகொண்டே வரும் நேரம் எல்லாம் இந்தப் படக் கணக்கில்தான் நடக்கின்றன. அதனால் நம்ம காம்பராவில் அவன் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடினான். உன் விரல் பழகியது அந்த வேகத்துக்கு.

சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்தேன். பரணிலிருந்து பழைய செட்டை இறக்கினால் கேசட்டின் உலோகப் பின்கள் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கின்றன. இந்த ஊர் பனியும் ஈரமும் எதைத்தான் விட்டுவைக்கும்? படம் வராதபோதெல்லாம் நாம் ஊதி ஊதிப் போட்டோமே, வாயின் ஈரம் அந்த அரிப்பைக் கூட்டத்தான் செய்திருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மூன்றாவது தடவை போட்டதும் படம் வந்தது. முதல் கட்டத்தில் மரியோவை அசையாமல் நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் நேரம் 400இலிருந்து தீர எவ்வளவு ஆகிறது என்று போனில் பார்த்தேன். 24 படத்துக்கு ஓர் எண் குறையும். நம்ம செட்டில் 3 நிமிடம் 12 விநாடி, எமியுலேட்டரில் 2 நிமிடம் 40. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

அப்புறம்தான் மெசென் என்ற எமியுலேட்டரில் டென்டி என்று ஒரு தெரிவு இருப்பதைக் கண்டேன். 1992இல் ரஷ்யாவில் விற்கத் தொடங்கிய இதே மாதிரி நகல் மெஷினின் பெயர் அது. அதைப் போட்டதும் பாட்டு பழைய நடைக்கு இறங்கியது. முதல் பள்ளத்தை யோசிக்காமலே தாண்டினேன்.

ஆக, உன் கையில் இருக்கும் உண்மையான மெஷினைவிட, லேப்டொப்பில் ஓடும் இந்தப் போலிதான் நம்ம சின்ன வயசுக்குக் கிட்ட நிற்கிறது. எனக்கு ஒரிஜினல் என்றால் ஹட்டன் நகல்தான். இன்னும் நாலைந்து மழைக்காலத்தை அது தாங்குமா என்பது சந்தேகம். அதனால்தான் எமியுலேட்டரை மதிக்கிறேன். மகள் ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் அதில் சேவ் செய்துகொண்டு போகிறாள். முதலில் தடுத்தேன். பிறகு, எட்டாவது உலகம் வரை போய்க் கரண்ட் போனதால் முதலிலிருந்து தொடங்கிய இரவுகளை நினைத்து விட்டுவிட்டேன்.

வாத்து சுடும் கேமுக்கு மட்டும் எமியுலேட்டர் ஆகாது. கேம் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். புது டீவியில் படம் கொஞ்சம் பிந்தி வருவதால் அது ஏமாந்துவிடும். மௌஸால் சுட எனக்கு மனமில்லை. அதற்காகவே பழைய குழாய் டீவியை வைத்திருக்கிறேன். மாலையில் எல்லா வீட்டிலும் லைட் போட்டால் இன்னும் வோல்டேஜ் இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கத்தான் செய்கிறது. காலையில் விளையாடலாம்.

துப்பாக்கி வயரை எலி கடித்திருக்கிறது. நீ டிசம்பரில் வருவதற்குள் சோல்டர் பண்ணி வைக்கிறேன். முதல் சான்ஸ் உனக்கு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் மச்சான்