சட்டப்படி செல்லாத மின்னணு உயிலைத் தயாரித்துக் கொடுத்தது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், வயது 73, மின்வாரியக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கும்பகோணம்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர், இணையவழி உயில் தயாரிப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: ஆதார் ஓடிபி மூலம் கையொப்பமிட்ட உயில் செல்லும் என்று கூறி விற்றது, பணத்தைத் திரும்பப் பெறுவதும் மற்ற வாடிக்கையாளர்களுக்கு உண்மையைத் தெரிவிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த ஜனவரியில் ரூ.6,500 செலுத்தி உங்கள் இணையதளத்தின் வழியாக என் உயிலைத் தயாரித்துக்கொண்டேன். அது உயிலே அல்ல என்பதை மார்ச் மாதத்தில், அதைப் பதிவு செய்யலாம் என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். இடைப்பட்ட ஏழு வாரங்களுக்குள் எனக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எழுத வேண்டியதை எழுதிவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் அந்தச் சிகிச்சை மேஜையில் படுத்தேன். அந்த நிம்மதிக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை என்பதுதான் என் புகார்.

நான் உயில் எழுத நினைத்ததே என் அக்காவுக்காக. அப்பா தவறியபோது எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. தையல் தைத்து என்னைப் படிக்க வைத்தவர், தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. இன்று 81 வயதில், 1996இல் நான் என் சம்பளத்திலும் வீட்டுக்கடனிலும் கட்டிய வீட்டின் பின்கட்டு அறையில் எங்களுடன் இருக்கிறார். நான் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு என் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்காகப் போகும். உடன்பிறந்தவர்கள் இரண்டாம் வகுப்பு வாரிசுகள்; மனைவி, பிள்ளைகள் போன்ற முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. என் பிள்ளைகள் அத்தையைக் கைவிடுபவர்கள் அல்லர். ஆனாலும் வீடு நாளை விற்கப்பட்டால் வாங்குபவரிடம் அக்கா எந்த உரிமையைக் காட்டுவார்? ஆகவே, வீடு மனைவிக்கும் அவருக்குப் பின் பிள்ளைகளுக்கும் சேர வேண்டும், அக்கா ஆயுள் உள்ளவரை அந்த அறையில் குடியிருக்கும் உரிமையோடு இருக்க வேண்டும் என்று எழுத விரும்பினேன். இதை உங்கள் பணியாளரிடம் தொலைபேசியில் இரண்டு முறை விளக்கினேன். படிவத்தில் அதற்கென்று இடம் இல்லாததால், 'இதர விருப்பங்கள்' என்ற கட்டத்தில் ஒரே வரியாக அதைச் சேர்த்தார்கள்.

அதன் பின் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கும்பகோணத்தில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை நான் அழுத்தினேன். மறுநாள் திருச்சியில் இருக்கும் என் பழைய அலுவலக நண்பர் தம் கைபேசியிலும், மூன்றாம் நாள் பெங்களூரில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் தன் கைபேசியிலும் அவ்வாறே செய்தார்கள். 'உங்கள் உயில் நிறைவேற்றப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைச் சரிக்குறியும், அதன் கீழே தேதியும் மணியும் நொடியும் அச்சிட்ட ஒரு வரியும் இருந்தன. வழக்கறிஞர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க கையெழுத்து எங்க சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது அதிகம் இல்லை. எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திட்டதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்தே என்று அவர் நேரில் ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். அதன் பின் அவர் முன்னிலையில் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. என் சாட்சிகள் இருவருமே அந்த நாட்களில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இதைக் குறிப்பிட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, ஆதார் வழிக் கையொப்பம் பேனாவால் இட்ட கையொப்பத்துக்குச் சமம் என்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. பல ஆவணங்களுக்கு அது உண்மைதான். ஆனால் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனக்குப் பொருந்தாத ஆவணங்களை முதல் அட்டவணையில் பட்டியலிட்டிருக்கிறது. அதில் உயில் இருக்கிறது. உயில் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தெரிந்தே விற்றிருந்தால் அது இன்னும் பெரிய தவறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வங்கி வைப்புத்தொகைக்கு அக்காவை நாமினியாகப் போட்டிருப்பதால் அதை உயிலில் எழுதத் தேவையில்லை, அது தானாகவே அவருக்குச் சொந்தமாகிவிடும் என்று உங்கள் பணியாளர் அறிவுரை கூறினார். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளத் தகுதி உடையவரே தவிர அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே கூறியிருக்கிறது. அந்தத் தொகையும் என் வாரிசுகளுக்கே போயிருக்கும்.

வழக்கறிஞர் மூலம் இப்போது புதிய உயில் எழுதி, என் மருத்துவரும் அடுத்த வீட்டுக்காரரும் எங்கள் கூடத்தில் என் எதிரிலேயே சாட்சிக் கையெழுத்திட்டுவிட்டார்கள். வீட்டின் பத்திர எண், புல எண், நான்கெல்லை ஆகியவற்றோடு, அக்காவின் குடியிருப்பு உரிமைக்குத் தனிப் பத்தியும், வைப்புத்தொகைக்குத் தனிப் பத்தியும் அதில் உள்ளன. அதற்கு ரூ.4,000 செலவாயிற்று. நான் செலுத்திய ரூ.6,500ஐயும் இந்தத் தொகையையும் நீங்கள் எனக்குத் தர வேண்டும்.

அதைவிட முக்கியமாக, இதே முறையில் ஓடிபி அழுத்தி 'உயில்' பெற்ற உங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும், அந்த ஆவணம் செல்லாது, தாளில் அச்சிட்டு இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும் என்று தமிழிலும் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல வயதானவர்களாகத்தான் இருப்பார்கள். இறந்த பிறகு உயிலைத் திருத்த முடியாது என்பதால் இதில் ஒவ்வொரு நாள் தாமதமும் யாரோ ஒருவருடைய அக்காவையோ மனைவியையோ பாதிக்கும். உங்கள் இணையதளத்தில் உள்ள 'வீட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் சட்டப்படியான உயில்' என்ற விளம்பரத்தையும் உடனே நீக்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், மேற்கண்டவற்றில் எவற்றை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நான் வசிக்கும் தஞ்சாவூர் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களுக்காக முறையிடுவேன். பணம் செலுத்திய ரசீது, உங்கள் பிரிவு அனுப்பிய பதில், பச்சைச் சரிக்குறி உள்ள அந்தக் கடைசிப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
கும்பகோணம்.