செயலாளர் ஆண்டறிக்கை: சேற்றுத்திட்டுத் தூண்டில் பயணங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சிலாங்கூர் மாநிலப் பந்திங் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். உறுப்பினர் பதிவேடும் கூட்டக் குறிப்பேடும் வாசல் மேசையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதியை, படகோட்டியின் வழிகாட்டலோடு நாம் போகும் சேற்றுத்திட்டுப் பயணங்களுக்கே ஒதுக்குகிறேன். மோரிப், கெலானாங், லங்காட் ஆற்று முகத்துவாரம், கேரித்தீவின் கடலோரம் என்று நாம் தூண்டில் போடும் இடங்களில் தண்ணீர் முழங்காலிலிருந்து மார்பளவுதான். ஆழம் இல்லை என்பதாலேயே பலர் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் மாற வேண்டும்.

நாள் குறிப்பது பற்றி

இவ்வாண்டு செயற்குழு எடுத்த பெரிய முடிவு, பயண நாளை விடுமுறைப் பட்டியலைப் பார்த்துக் குறிப்பதை நிறுத்தியதுதான். இப்போது நீரேற்ற அட்டவணையைப் பார்த்தே குறிக்கிறோம். ஞாயிறு தவிர வேறு நாளில் வர முடியாத ஆலைத் தொழிலாளர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடல் நம் வேலை நேரத்துக்கு ஏறி இறங்குவதில்லை.

காரணத்தை விளக்கிச் சொல்வது என் கடமை. நம் பக்கத்துக் கடலில் தண்ணீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாட்களில் கிள்ளான் துறைமுகத்தில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். ஏற்ற இறக்கம் குறைந்த நாட்களில் அது 2 மீட்டர்கூட இருக்காது.

தண்ணீர் ஒரே சீராக இறங்குவதும் இல்லை. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று. 4 மீட்டர் இறங்கும் நாளில் முதல் மணியில் சுமார் ஓர் அடிதான் இறங்கும். மூன்றாம், நான்காம் மணிகளில் மணிக்கு ஒரு மீட்டர் போகும். படகு தரைதட்டி நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான். முதல் இரண்டு மணியில் தண்ணீர் மெதுவாக இறங்குவதைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். திட்டின் சரிவோ மிகக் குறைவு. ஒரு மீட்டர் இறங்கினால் கரைப்பக்கம் பல நூறு மீட்டர் சேறாகிவிடும்.

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். ஆக நம்மவர்கள் அதிகம் ஓய்வாக இருக்கும் இரண்டு விடுமுறைகளும் பெருநீர் நாட்களில்தான் விழுகின்றன. அந்நாட்களில் இழுப்பு கடுமை, தண்ணீர் கலங்கல், தூண்டில் நிற்காது. அதற்காக அஷ்டமி, நவமி, தசமியை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தாலும் பயனில்லை. ஓட்டம் செத்துப்போய் மீன் இரை தேடி நகராது. நம் படகோட்டிகள் விரும்புவது இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்கள்: அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை. தினக்காலண்டரில் திருதியை முதல் சஷ்டி வரை என்று பார்த்துக்கொண்டால் போதும். சரியான மணி நேரத்துக்கு மட்டும் தேசிய நீர்நிலவரை மையத்தின் நீரேற்ற அட்டவணையைப் பாருங்கள். அதில் உள்ளது துறைமுகத்தின் நேரம். ஆற்றுக்குள் போகப்போக நேரம் பிந்தும்.

திட்டில் வேலை செய்யும் முறை

நாம் போவது இறங்குநீரின் கடைசி இரண்டு மணிக்கும், ஏறுநீரின் முதல் இரண்டு மணிக்கும். தண்ணீர் வடியும்போது திட்டின் மேல் மேய்ந்த இறாலும் சிறுமீனும் ஓடைகள் வழியே இறங்கியாக வேண்டும். சியாகாப் என்ற கொடுவா மீன் அந்த ஓடையின் வாயில் காத்திருக்கும். படகை ஓடைவாய்க்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. இருபது மீட்டர் தள்ளி, எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, தாங்குகோலால் ஊன்றி நிறுத்த வேண்டும். நங்கூரச் சங்கிலியைத் தடதடவென்று இறக்கினால் அந்த ஓடை அன்றைக்கு முடிந்தது.

தெளிந்த கடல் உள்ள நாடுகளில் மீனைக் கண்ணால் பார்த்தே வீசுகிறார்கள். மலாக்கா நீரிணையின் நம் பக்கம் சேற்றுநீர்; அது நடக்காது. இங்கே பார்க்க வேண்டியவை வேறு: மடவைக் கூட்டம் திடீரென்று ஒரே பக்கமாகத் துள்ளுவது, கொக்குகள் வரிசையாக ஓடைவிளிம்பில் நிற்பது, அலையில்லாத நீரில் ஓரிடம் மட்டும் சிலிர்ப்பது. மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.

கருவி பற்றிப் புதிய உறுப்பினர்கள் கேட்டதால் எழுதுகிறேன். 15 முதல் 20 பவுண்டு தாங்கும் பின்னல் நூல். அதன் முனையில் 30 முதல் 40 பவுண்டு தடித்த நைலான் நூல், குறைந்தது 60 சென்டிமீட்டர். சியாகாப்பின் செவுள் மூடி கத்தி மாதிரி. மெல்லிய நூலை ஒரே உதறலில் அறுத்துவிடும். ஓடும் ஈயக்குண்டு 15 முதல் 30 கிராம். இழுப்பு கூடினால் எடையைக் கூட்டலாம். முள் 3/0 அல்லது 4/0 வட்டமுள். வட்டமுள்ளில் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நூல் இறுகும்வரை பொறுத்து ரீலைச் சுற்றினாலே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். மீன் தப்புவதாகக் குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் பழைய முள்ளில் இழுத்த பழக்கத்தில்தான் தவற விடுகிறார்கள்.

உயிர் இறாலைக் கொம்புக்குக் கீழே, தலைக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் குத்த வேண்டும். அந்தப் புள்ளியில் முள் பட்டால் இறால் அங்கேயே சாகும். இருபது லிட்டர் பெட்டியில் முப்பது இறாலுக்கு மேல் அடைக்காதீர்கள். பேட்டரி காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் பனிக்கட்டி நிரப்பி மூடிய போத்தலை உள்ளே போடுங்கள். பனிக்கட்டியை நேரடியாகக் கொட்டினால் உப்பு குறையும். குழாய்நீர் சேர்த்தால் குளோரின் கொன்றுவிடும். லங்காட் ஆற்றில் பெருமழை நீர் இறங்கும் நாட்களில் முகத்துவாரத்துத் தண்ணீரைப் பெட்டியில் மாற்ற வேண்டாம். அதிலும் உப்பு போதாது. அப்படிப்பட்ட கலங்கல் நாட்களில் செனாங்கின் என்ற காலா மீனைத் தேடுவதே நல்லது. மார்புத் துடுப்பிலிருந்து இழைபோல் நீளும் தந்திகளால் தடவியே அது இரை தேடும். ஆகவே செத்த இறாலானாலும் புதிதாக இருந்து, தரையோடு கிடந்தால் எடுக்கும்.

எஞ்சின் விஷயத்தில் ஒன்றே ஒன்று. குளிர்நீர் பீச்சும் துளையை ஓட்டுகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். பீச்சல் நின்றால் சேறு அடைத்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். அப்படியே ஓட்டினால் நீரிறைக்கும் ரப்பர் சக்கரம் சில நிமிடங்களில் கருகும். கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள்.

தட்டி நின்றால்

1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப்பில் கரையிறங்கியபோது, மணல் என்று நம்பிய தரைக்கு அடியில் சேறு இருந்து வண்டிகள் புதைந்து நின்றன. அந்தச் சேறு இன்றும் அப்படியே இருக்கிறது.

படகு தட்டினால் யாரும் இறங்கித் தள்ளக் கூடாது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் முதல் இரண்டு நிமிடம் மட்டும் தாங்குகோலால் ஆழப்பக்கம் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் அடுத்த ஏற்றம் வரை படகிலேயே இருக்க வேண்டியதுதான். ஒருவருக்கு 2 லிட்டர் குடிநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நிழலுக்கு ஒரு தார்ப்பாய், மின்னூட்டிய கைப்பேசி ஆகியவை கட்டாயம் என்று நாம் வைத்ததற்குக் காரணம் இதுதான். கெராங் சிப்பி பொறுக்குகிறவர்கள் தொங்கா பலகையின் மேல் ஒரு முழங்காலை வைத்துச் சேற்றில் வழுக்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உடல் எடை பலகையில் பரவுவதால் அவர்கள் புதைவதில்லை. பலகை இல்லாமல் ஒருவர் புதைந்துவிட்டால் ஒரு காலை வலிந்து இழுக்கக் கூடாது. மற்றக் கால் இன்னும் ஆழமாக இறங்கும். பின்னால் சாய்ந்து படுத்து, காலைச் சிறிது சிறிதாக ஆட்டி, சேற்றுக்குள் தண்ணீர் புக விட்டு, பிறகு மெல்ல எடுக்க வேண்டும்.

முள், விஷம், இடி

செம்பிலாங் என்ற கெளுத்தி வகை மீனுக்கு முதுகில் ஒரு விஷமுள்ளும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும் உண்டு. கையால் தொடாமல் நூலை அறுத்துவிடுவதே மேல். நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துப் போனால் பாரி என்ற திருக்கை மீன் விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் ஊற வைக்க வேண்டும். சூடு 45 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. அடிபட்ட கைக்கு உணர்வு சரியாக இருக்காது. மற்றக் கையால் சூடு பாருங்கள். வலி குறைந்தாலும் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். ஒவ்வொரு படகிலும் வெந்நீர் தெர்மாஸ் இருக்க வேண்டும்.

புந்தால் என்ற பேத்தை மீன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள். 2023 மார்ச்சில் ஜொகூரில் அதைச் சமைத்துச் சாப்பிட்ட முதிய தம்பதி இறந்துபோனார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ரா காற்று வரிசைகட்டி வரும். மேற்கே கருமேகம் நீளக் கோடாகத் தெரிந்தால் காத்திருக்காமல் கரைக்குத் திரும்ப வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் கார்பன் தூண்டிலைக் கீழே படுக்க வையுங்கள். இந்த விஷயத்தில் படகோட்டி சொல்வதே முடிவு. கட்டணம் கட்டியவர் பேரம் பேசக் கூடாது.

தீர்மானங்கள்

சியாகாப் முதலில் ஆணாகப் பருவமடைந்து, பொதுவாக ஆறு, ஏழு வயதுக்குப் பிறகு பெண்ணாக மாறும். 80 சென்டிமீட்டரைத் தாண்டியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். பெரியதைப் பிடித்துப் படம் எடுப்பது மகிழ்ச்சிதான். ஆனால் அதைக் குழம்பு வைத்தால் இந்த ஓடைகளுக்கு அடுத்து மீன் எங்கிருந்து வரும்? செனாங்கினும் இதேபோல் ஆணிலிருந்து பெண்ணாக மாறும். எனவே 45 சென்டிமீட்டருக்குக் குறைந்த சியாகாப்பையும், 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் சங்கப் பயணங்களில் திரும்ப விடுவது என்று முன்மொழிகிறேன். விடும்போது கையை நனைத்து, மீனைத் தாடையில் தொங்கவிடாமல் படுக்கை வாட்டில் தாங்கி, தலை ஓட்டத்தை எதிர்க்கும்படி பிடித்து, தானே வாலை அடிக்கும்வரை காத்திருங்கள்.

இரண்டாவதாக, ஒற்றைப் படகில் பயணம் இல்லை; குறைந்தது இரண்டு படகுகள் பார்வைத் தொலைவில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஞாயிறு மட்டுமே ஓய்வுள்ள உறுப்பினர்களுக்காக, நல்ல நீர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையிலிருந்து எடுத்துக் குறித்து, அந்நாட்களில் அவர்களுக்கே முன்னுரிமை தர வேண்டும்.

இம்மூன்றையும் வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்