பர்சரியோடு ஒரு நிபந்தனையும் வையுங்கள்

டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்க, கோயில் குழு நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது உங்களில் சிலர் பர்சரி, அதாவது படிப்புக்கான உதவிப்பணம், கொடுக்கிறீர்கள். சந்தோஷம். டாக்டர் படிப்பைத் தவிர வேறு எதுவும் நம் கண்ணில் படாத காலம் ஒன்று இருந்தது. ஆனால் பணத்தோடு ஒரு நிபந்தனையும் வையுங்கள்: பட்டம் வாங்குவதற்குள் ஆறு வாரமாவது அந்தப் பிள்ளை மருத்துவமனையில் புறநோயாளிப் பதிவுக் கவுண்டர் போன்ற இடங்களில் உட்கார்ந்து வேலை பழக வேண்டும்.

முப்பது வருஷம் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் இருந்தவள் நான். கடைசி வருஷம் புதுப் பட்டதாரித் தம்பி ஒருவர் சேர்ந்தார். கெட்டிக்காரர். முதியோர் உதவித்தொகை வாங்கும் சுலு பாட்டி ஒருவர் வந்தார். அவர் எச்0 பிரிவு, ஒரு ரேண்ட்கூடக் கட்ட வேண்டாம். உதவித்தொகை அட்டை கையில் இல்லை. தம்பிக்கு சுலு வராது, கேட்கவும் கூச்சம். கட்டணப் பிரிவில் போட்டுவிட்டார். பில் வீட்டுக்குப் போயிற்று. கடன்காரியாகிவிட்டோம் என்று பயந்து பாட்டி சர்க்கரை மாத்திரை வாங்க வரவே இல்லை. மூன்று மாதம் கழித்துக் காலில் புண்ணோடுதான் வந்தார். 'கோகோ (பாட்டி), அட்டை வீட்டில் இருக்கிறதா?' என்று அவர் மொழியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தம்பியை நான் குறை சொல்லமாட்டேன்; அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

தனியார் பக்கம் போனாலும் கதை இதுதான். ஐசிடி-10 என்கிற நோய்க் குறியீடு பிசகினால் மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பில்லைத் திருப்பி அனுப்பிவிடும். 2024 மே மாதம் கையெழுத்தான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தால், அரசு மருத்துவமனைக்கும் நோய்க் குறியீட்டை வைத்துப் பணம் வரலாம். அப்போது பதிவு மேசையில் நடக்கும் பிழை மருத்துவமனையின் வருமானத்தையே கடிக்கும்.

காவடி நாளில் ஆயிரக்கணக்கானவர்களை வரிசையில் நிறுத்தி, மயங்கினவரைத் தூக்கி, எல்லாருக்கும் சோறு போட்டு அனுப்புகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். பாதி நிர்வாகம் அங்கேயே கற்றுவிட்டார்கள். அதை யாரும் சிவியில் எழுதுவதில்லை, அதுதான் வேடிக்கை.

மருத்துவமனைகளிடம் பேசி அந்த ஆறு வாரத்துக்கு அனுமதி வாங்குவது உங்கள் வேலை. ஃபைல் அறையில் இரண்டு வாரம், கவுண்டரில் இரண்டு, வார்டு கிளார்க்கோடு இரண்டு. பேச்சு சுலு நானே சொல்லித் தருகிறேன். என்னைப் போல் ஓய்வுபெற்ற சிஸ்டர்கள் நான்கு பேரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை கோயில் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. சாவி உங்களிடம்.