டோபமைன் இன்பத்தின் அளவுகோல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சுபாவத்துக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால் ‘கலகலப்பானவர்களுக்கு டோபமைன் அதிகம் சுரக்கும், அதனால் பரிசு கிடைக்கும்போது இன்பமும் அதிகம்’ என்ற வரி, நரம்பணுக்களிடையே சேதி கடத்தும் மூளை வேதிப்பொருளான டோபமைனைப் பற்றிச் சொல்லும்போது, ஆசைப்படுவதையும் அனுபவிப்பதையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். முதலில் பழச்சாறு வாயில் பட்டதும் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. ஓர் அடையாளத்தைக் காட்டியபின் சாறு வரும் என்று பழகியதும், துடிப்பு அடையாளத்துக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது சலனமில்லை. வரவேண்டிய சாறு வராவிட்டால், அதே நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. 1997இல் இதற்குத் தரப்பட்ட கணக்கு மிக எளிது: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்க வேண்டும். சாறு எவ்வளவு இனிக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் தனி இடம் கிடையாது.

மனிதர்களிடம் இதை அளக்க உளவியலாளர் பிரையன் நட்சன் வகுத்த சோதனை பெரிதும் பயன்படுகிறது. எவ்வளவு பணம் என்பதைக் காட்டும் குறி, சுமார் 2 விநாடிக் காத்திருப்பு, பிறகு கண நேரம் மின்னி மறையும் உருவம். மறைவதற்குள் பொத்தானை அழுத்தினால் பணம். மூன்றில் இரண்டு முறை வெற்றி வரும்படி, மின்னும் நேரத்தை ஒவ்வொருவரின் வேகத்துக்கும் ஏற்பக் கணினி கூட்டிக் குறைக்கும். இதைச் செய்யாவிட்டால் மனச்சோர்வால் கை மந்தமானவர் அடிக்கடி தோற்பார். தோல்வியின் எண்ணிக்கையைச் சுபாவத்தின் விளைவு என்று எழுதிவிடுவோம். காத்திருக்கும்போது மூளையின் ஆழத்தில் பரிசுக்கு வினையாற்றும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் அடிப்புறம் முனைப்பாகிறது. பணம் கையில் வந்தபின் நெற்றிக்குப் பின்னுள்ள நடுப்பகுதியும் சேர்ந்துகொள்கிறது. எம்.ஆர்.ஐ. காட்டும் இரத்த ஓட்ட மாற்றம் உச்சம் தொட 5, 6 விநாடி ஆவதால், இடைவெளிகளை மாற்றி மாற்றி வைக்காவிட்டால் இரண்டு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்.

கட்டுரையாளர் கூச்ச சுபாவத்தைத் தொடவே இல்லை. எனக்கு அதுதான் சுவையான பகுதி. குழந்தைப் பருவத்திலேயே புதியவர்களைக் கண்டு ஒதுங்கியவர்களைப் பதின்வயதில் இதே சோதனைக்கு உட்படுத்தி 2006இல் முடிவு வெளியிட்டார்கள். பரிசுக்குக் காத்திருக்கையில் அவர்களுடைய ஸ்ட்ரையேட்டம் மற்றவர்களுடையதைவிட அதிகமாகவே இயங்கியது. ஒதுங்குபவருக்கு ஆசை மங்கல் என்ற ஊகம் இங்கே நிற்காது. ஏதோ ஒன்று பணயத்தில் இருக்கிறது என்றாலே அவர்கள் மூளை கூர்மையாகிறது என்பது என் வாசிப்பு.

இவையெல்லாம் குழுச் சராசரிகள். ‘பரிசு உள்ள சுற்று கழித்தல் பரிசு இல்லாத சுற்று’ என்று கணக்கிடும்போது இரண்டின் அளவீட்டுப் பிழையும் சேர்ந்துகொள்ளும். ஒரே நபரை மறுமுறை அளந்தால் எண் மாறும். ஸ்கேன் படத்தைப் பார்த்து ஒருவரின் குணத்தைச் சொல்ல வழியில்லை.

மனச்சோர்வில் ‘எதிலும் நாட்டமில்லை’ என்பவரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: செய்யத் தோன்றுகிறதா? செய்தபின் பிடித்திருந்ததா? முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்பவர்கள் உண்டு. ஆசை வரட்டும் என்று காத்திராமல், நேரம் குறித்துச் சிறு செயலைத் தொடங்கச் சொல்லும் சிகிச்சை முறை இவர்களுக்குப் பொருந்தும். ‘டோபமைனைக் கூட்டுங்கள்’ என்ற உங்கள் பெட்டிச் செய்தியை இந்தக் கேள்விகளோடு திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்