ஞாயிறு இரவு: நாலு செல்லோ, மெட்டாலிகா

நண்பர்களே, இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு நாம் கேட்கப்போவது பின்லாந்தின் அப்போகாலிப்டிகா இசைக்குழு. ஹெல்சின்கியில் சிபெலியஸ் இசை அகாடமியில் செல்லோ (வயலினைப் போல வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) படித்த நாலு பேர் 1993-இல் சேர்ந்து அமெரிக்க ஹெவி மெட்டல் ராக் குழுவான மெட்டாலிகாவின் பாடல்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். 1996-இல் முதல் ஆல்பம். குரல் இல்லை, கிதார் இல்லை, டிரம்ஸும் இல்லை.

தடித்த தந்தியில் வில்லை அழுத்தி இழுக்கும்போது எழும் அந்தக் கரகரப்பைக் கவனியுங்கள். கிதாரின் உறுமல் அப்படியே வந்து நிற்கும். மூலப் பாடலில் பாடகர் பாடும் வரிகளை ஒரு செல்லோ மேலே ஏறி எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் எனக்கு இன்றும் மனசு உருகிவிடும்.

மூலப் பாடல்களை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் அந்த அடித்தொனி காதில் விழாது. இணைப்பை சனிக்கிழமை மாலை போடுகிறேன்.