இன்றிரவு ஃபால்கன் 9 நேரலை

நண்பர்களே, ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் ஏவுதல் முடியும்வரை, ராக்கெட்டை மீண்டும் பயன்படுத்துவது மலிவா என்ற நம் வாதச் சண்டைக்கு விடுமுறை. ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல்நிலை பிரிந்ததும் கண்ணை எடுக்காதீர்கள்: பக்கவாட்டில் வெண்ணிற நைட்ரஜன் பீச்சிட, அந்த நெடிய உருளை தரையிறங்குவதற்காக அப்படியே திரும்பும்.

பிறகு தாராளமாக மோதலாம். "மீண்டும் பறப்பதே மலிவு" என்போர் மீண்டும் மீண்டும் பறந்த நாசாவின் விண்வெளி ஓடத்துக்கும் பதில் வைத்திருங்கள். 1981 முதல் 2011 வரை பறந்த அதைப் பழுதுபார்த்தே பணம் கரைந்தது. தரையிறங்க எரிபொருளை மிச்சம் பிடித்தால் சுமையும் குறையும். ஃபால்கனின் மேல்நிலை இன்றும் ஒருமுறைதான் பறக்கும்! எதிரணியோ 2017இலேயே பழைய முதல்நிலை மீண்டும் பறந்ததை மறக்க வேண்டாம். என் ஓட்டு மறுபயன்பாட்டுக்கே. ஆனால் அடிக்கடி ஏவினால்தான் கணக்கு கட்டுப்படியாகும்.

இணைப்பு அரை மணி நேரம் முன்பே வரும். குரல் பதிவுகள் வேண்டாம்.