தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் கடலோர ஊர்களின் கிராமசபைகளுக்கு

மார்ச் 22 கிராமசபைக்கு வரப்போகும் பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் மதினிமார்களுக்கும் வணக்கம்.

உலகத் தண்ணீர் நாள் என்பதால்தான் அந்தத் தேதியில் சபை கூடுகிறது. காசுக்குத் தண்ணீர் விற்கும் தனியார் நிலையத்துக்கு ஊர்ப் பொது இடத்தைக் கொடுக்கலாமா என்ற பேச்சு நம் பக்கம் அடிக்கடி எழுகிறது. கை தூக்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரில் தண்ணீர் விநியோகத்தை 2018-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்திடம் கொடுத்தபோது ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது; அதைக் காட்டிச் சண்டை போடவாவது முடிந்தது. நம் கரையில் கையெழுத்தே இல்லாமல் காரியம் முடிந்துவிட்டது. ஊத்து உப்பானது, குழாய் நேரம் தவறியது, லாரி வந்தது. லாரிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வராத அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை ஏறாது.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக்கு மேல் வரும். குடம் பத்து ரூபாய் என்று வைத்தாலும் தினம் 180 ரூபாய். கடல்பாசி எடுத்துப் பிழைக்கிற வீட்டில் இதற்கு எங்கே போவது? நாலு குடம் வாங்குவோம், குடிக்கவும் சோறாக்கவும். மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணிதான்.

அந்த நாலு குடத்தில் கடலுக்குப் போகிறவருக்குக் கேன் நிரப்ப வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டில். மிச்சம் இருந்தால் எங்களுக்கு. காசு கொடுத்து வாங்கியது என்றால் கை தானாக இழுத்துப் பிடிக்கும். உப்பளத்துக்குப் போகிறவளுக்கு இன்னொரு பயமும் உண்டு. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும்; வெட்டவெளிப் பாத்தியில் எங்கே ஒதுங்குவாள்? தாகத்தை அடக்கி அடக்கி நீர்க்கடுப்பில் வந்து நிற்கிறாள்.

மாதவிலக்குத் துணியைப் பற்றிச் சபையில் யாரும் பேசப்போவதில்லை, நானாவது எழுதுகிறேன். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. எவ்வளவு கசக்கினாலும் கறை போகாது, காய்ந்தால் துணி கருவாடு மாதிரி விறைத்து நிற்கும். அதையே கட்டிக்கொண்டு இடுப்பளவு கடலில் பாசி எடுத்தால் தொடையிடுக்கு புண்ணாகாமல் என்ன செய்யும்? கரையேறியதும் நல்ல தண்ணியில் உடம்பை அலச வேண்டும். விலை கொடுத்த குடத்தைக் குளிக்கக் கவிழ்க்க மனசு வருவதில்லை.

கர்ப்பிணிகளுக்கு இதைவிட ஆபத்து. வங்கதேசக் கடலோரத்தில், குடிதண்ணீரில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தமும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் ஊத்துகளில் உப்பு எவ்வளவு என்று எழுதிவைத்த பலகையை நான் பார்த்ததில்லை.

ஊருக்குள்ளேயே நிலையம் வந்தால் சுமக்கும் தூரம் குறையும் என்பீர்கள். குறையும், சரி. இடுப்பு கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் விலை இருக்கிற வரைக்கும் இந்த மிச்சம் பிடிப்பும் இருக்கும். அப்புறம், நிலையத்துக்காரர்கள் போர் போட்டு இழுக்கப்போவதும் நம் காலுக்கடியில் உள்ள தண்ணியைத்தான். கடலோரத்தில் இழுக்க இழுக்க உப்பு ஏறும். இன்றைக்கு ஊத்தில் இலவசமாக மொள்ளுகிற வீடும் நாளைக்குக் குடத்தோடு அவர்கள் வாசலில் நிற்கும்.

அதனால் இடம் கொடுக்கும் தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் நம் குழாய்க்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்பதை எழுதி வாங்குங்கள். பாசிக்காரிகள் கடலுக்குள் நிற்கிற நேரத்தில் வந்து நின்றுபோகிற தண்ணி எங்களுக்கு வராத தண்ணிதான். ஊத்துத் தண்ணியைப் பரிசோதித்து முடிவைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கொடுங்கள். உப்பளத்தில் குடிதண்ணீரும் கழிப்பறையும் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள்.

இன்னொன்று. சபையைக் காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் கடலில் நிற்போம், மீதிப் பேர் லாரிக்குக் காத்திருப்போம். சாயங்காலம் வையுங்கள், நாங்களே வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
வாலிநோக்கம் பக்கத்து ஊர்க்காரி, ராமநாதபுரம் மாவட்டம்